யமஹா 40 குதிரைவலு எஞ்சினுக்கு 11 அங்குலப் பிட்ச் புரொப்பெல்லர்: ஒரு பருவம் ஓட்டிய பிறகு

என் மைத்துனர் இலங்கையின் திருகோணமலைக்கு அருகே நிலாவெளிக் கடற்கரையில் 19 அடி நீளமான கண்ணாடியிழைப் படகொன்றை வைத்துத் தொழில் செய்கிறார். கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையான மாதங்களில், காலையில் திமிங்கிலம் பார்க்கச் செல்வோரையும் வெயில் ஏறியபின் கரைக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்குச் செல்வோரையும் ஏற்றி இறக்குவார். மற்றைய மாதங்களில் கடல் இடங்கொடுக்கும் நாட்களில் வலையும் தூண்டிலுமாகப் போய்வருவார். படகின் பின்பலகையில் பூட்டியிருப்பது யமஹாவின் என்டியூரோ வரிசையைச் சேர்ந்த 40 குதிரைவலு எஞ்சின். இரண்டு சிலிண்டர், 703 சீசீ, எண்ணெய் கலந்த பெற்றோலில் ஓடும் பழைய பாணி டூ-ஸ்ட்ரோக் (ஈரடிப்பு) எஞ்சின். இந்த எஞ்சினுக்காக நாங்கள் வாங்கிய 11 5/8 × 11 - ஜி என்ற அளவுள்ள யமஹாவின், நீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் அலுமினியப் புரொப்பெல்லரைப் பற்றியதே இந்த மதிப்புரை. ஒரு முழுப் பருவம் அதில் ஓடி முடித்த பிறகே எழுதுகிறேன்.

எஞ்சின் இழுக்கவில்லை என்பதுதான் அவருடைய நெடுநாளைய முறைப்பாடு. இரண்டு பேர் மட்டும் ஏறி ஓடினால் படகு பறக்கும். ஆறு பயணிகளும் இரண்டு பணியாளரும் ஏறிவிட்டால் அணியம் (படகின் முன்பக்கம்) வானத்தைப் பார்த்தபடி நிற்க, கடையார் (பின்பக்கம்) தண்ணீரை உழுதுகொண்டு போகும். பிளக் மாற்றினார்கள், காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், எரிபொருள் குழாயைப் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரத்துக்குத் திருந்தியதுபோல் தோன்றி மீண்டும் பழைய நிலைக்கே வந்தது. அந்த ஒரு வாரத் திருத்தம்கூட மனத்தின் வேலைதான் என்பது என் எண்ணம். தொழில்நுட்பக் கல்லூரியில் பல ஆண்டுகள் இயந்திரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் அது நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுழல்கிறது என்று யாருமே எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் வியப்பாக இருந்தது.

கைப்பிடியால் திருப்பி ஓட்டும் இந்த எஞ்சின்களில் சுழற்சிமானி இருப்பதில்லை. பிளக் வயரைச் சுற்றி ஒரு கம்பியைக் கட்டினால் பிளக்கின் தீப்பொறியை எண்ணிச் சுற்றைக் காட்டும் சிறு கருவிகள் மலிவாகவே கிடைக்கின்றன. அப்படியொன்றை வாங்கிக் கட்டினேன். முதல் ஓட்டத்தில் அது 8,600 என்று காட்டவே மைத்துனர், “அத்தான், எஞ்சின் வெடிக்கப் போகுது” என்று பிடியை விட்டுவிட்டார். ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி என்ற அமைப்பை அந்தக் கருவியில் நாம்தான் தெரிவு செய்ய வேண்டும். தவறினால் இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும். அதைச் சரிசெய்தபின் முழுச் சுமையில், பிடியை முற்றாகத் திருகிய நிலையில், கிடைத்த உண்மையான எண் 4,300. இந்த எஞ்சினுக்குக் கைநூல் குறிக்கும் முழுத் திருகல் வரம்பு 4,500 முதல் 5,500 வரை. நோய் எஞ்சினில் இல்லை, அதன் வாலில் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

புரொப்பெல்லரின் குடத்தில், அதாவது இறக்கைகள் பொருந்தியிருக்கும் நடுப்பகுதியில், பொறித்திருக்கும் எண்களை எப்படி வாசிப்பது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 11 5/8 × 11 - ஜி என்பதில் முதலாவது, இறக்கைகளின் நுனி வரையும் வட்டத்தின் விட்டம், அங்குலத்தில். இரண்டாவதுதான் பிட்ச்: மரத்தில் திருகாணி இறங்குவதுபோல் வழுக்காமல் நீரில் ஏறினால், ஒரு முழுச் சுழற்சிக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. கடைசி எழுத்து எந்த வகைத் தண்டுக்குப் பொருந்தும் என்பதைக் குறிக்கும்; அந்த எழுத்து மாறினால் மற்ற இரண்டும் சரியாக இருந்து பயனில்லை. பிட்ச் கூடினால் சைக்கிளில் பெரிய கியர் போட்டு மேடு ஏறுவதுபோல் எஞ்சின் திணறும். குறைந்தால் இலேசாகச் சுழலும், ஆனால் ஒரு சுற்றில் ஓடும் தூரம் குறையும். பிட்சில் ஓர் அங்குலம் குறைந்தால் சுழற்சி ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு.

எங்கள் எஞ்சினில் இருந்தது 13 அங்குலப் பிட்ச். இதை யாரும் தெரிவு செய்யவில்லை. எஞ்சினை இரண்டாம் கையாக வாங்கியபோது அதோடு கூடவே வந்தது. முன்னைய உரிமையாளர் சிறிய படகில் தனியாளாகத் தூண்டிலுக்குப் போனவர். அவருக்கு அது பொருந்தியிருக்கும். அவருடைய படகுக்குத் தைத்த சட்டையை இவருடைய படகு எட்டுப் பேரின் பாரத்தோடு போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது.

மாற்றுவதற்கு முன் எடுத்த அளவுகளைச் சொல்கிறேன். நீரோட்டத்தின் பங்கைக் கழிப்பதற்காக ஒரே கோட்டில் போகும்போதும் திரும்பும்போதும் கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். காட்டிய வேகத்தைக் குறித்துச் சராசரி எடுத்தேன். முழுச் சுமையில் 4,300 சுற்று, மணிக்கு 15 கடல் மைல். இந்த எஞ்சினின் பல்லிணைப்பு (கியர்) 2க்கு 1 என்பதால் தண்டு சுழல்வது 2,150 தடவை; ஒவ்வொன்றுக்கும் 13 அங்குலம் என்று பெருக்கினால் மணிக்கு 23 கடல் மைல் ஓடியிருக்க வேண்டும். ஓடாமல் போன 8 கடல் மைல்தான் வழுக்கல், நூற்றுக்கு 35. புரொப்பெல்லர் நீரைக் கடைந்துகொண்டிருந்ததே தவிரப் படகைத் தள்ளவில்லை. இரண்டு பேர் மட்டும் ஏறியபோதோ 5,100 சுற்றில் 23½ கடல் மைல், வழுக்கல் 14 வீதம். குறை சொல்ல ஒன்றுமில்லாத அளவு. வெறும் படகில் பரிசோதித்துப் பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று சொன்னதன் காரணமும் இதுதான்.

11 அங்குலம் வாங்குவது என்று முடிவெடுத்தோம். அதை வாங்கிய கதையில் ஒரு வாரமும் கொஞ்சப் பணமும் வீணாயின. முதலில் போன கடையில், பெயர் வேண்டாம், பெட்டி இல்லாமல் நெகிழித் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துத் தந்து, எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுதான் என்றார்கள். விலை அசலின் பாதிக்கும் குறைவு. பூச்சு பளபளப்பாக இருந்தது, குடத்தில் 11 5/8 × 11 என்றும் இருந்தது. எழுத்து மட்டும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சமதளமான மேசையில் கவிழ்த்து வைத்து, மையத்திலிருந்து 4 அங்குலத் தொலைவில் மூன்று இறக்கைகளிலும் கோடு கிழித்துக் கோணமானியைப் பிடித்துப் பார்த்தேன். 4 அங்குல ஆரத்தில் சுற்றளவு 25 அங்குலத்துக்குச் சற்று அதிகம். 11 அங்குலப் பிட்சுக்கு அந்த இடத்தில் ஏறத்தாழ 23½ பாகைச் சாய்வு இருக்க வேண்டும். முதல் இறக்கை 21½, இரண்டாவது 23½, மூன்றாவது 25. அதாவது ஒரே குடத்தில் ஏறத்தாழ 10, 11, 11¾ அங்குலம் என்று மூன்று வெவ்வேறு பிட்ச். மூன்று கால்களும் மூன்று உயரத்தில் உள்ள முக்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது ஓடும்போது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. அந்த அதிர்வு இறக்கையோடு நிற்காது. தண்டின் தாங்கிகளையும், கியருக்குள் நீர் புகாமல் அடைக்கும் ஒயில் சீல் வளையத்தையும் தேய்த்துவிட்டுத்தான் ஓயும். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். கோணமானியைக் காட்டி விளக்கியபோது, கடலில் போடுகிற சாமானுக்குப் பள்ளிக்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்களே என்று சிரித்தார். அந்த நகல் இப்போது எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கொடிக்கம்பத்துக்குப் பாரமாக இருக்கிறது. அந்த வேலைக்கு நல்ல சாமான்.

அசலை வேறொரு கடையில் சொல்லி வைத்து எடுப்பித்தோம். நகலுக்குக் கொடுத்ததைப்போல் இரண்டரை மடங்கு விலை. அதே மேசையில் அதே கோணமானியால் பார்த்தபோது மூன்று இறக்கைகளுக்கும் இடையில் அரைப் பாகைக்கு மேல் வேறுபாடு தென்படவில்லை. என் கருவியின் நுட்பமே அவ்வளவுதான். இறக்கையின் பின்விளிம்பு ஒழுங்காக மெலிந்து முடிகிறது, குடத்துக்குள் இருக்கும் இறப்பர் புஷ் இறுக்கமாகவும் மையத்திலும் அமர்ந்திருக்கிறது. இறக்கை எதிலாவது மோதும்போது தாக்கம் பல்லிணைப்புக்கு நேரே போகாமல் இடையில் நின்று வாங்கிக்கொள்வது அந்த இறப்பர்தான். பழையதில் அது நழுவுகிறதா என்று அறிய, வெளிக்குடத்தையும் உள்குழலையும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தேன், கோடு உடையவில்லை. கோடு உடைந்திருந்தால் என் பிட்ச் கணக்கு முழுவதும் பொய்யாகியிருக்கும், ஏனென்றால் தண்டு சுழன்றும் இறக்கை சுழலாத நிலையில் வழுக்கல் என்று நான் அளந்தது உண்மையில் இறப்பரின் நழுவலாக இருந்திருக்கும்.

பூட்டுவது கடினமான வேலையன்று. எஞ்சினின் அவசர நிறுத்தக் கயிற்றைக் கழற்றி, கியரை நடுநிலையில் வைத்து, இறக்கைக்கும் அதன் மேலுள்ள தகட்டுக்கும் இடையில் ஒரு கட்டையைச் செருகிக்கொண்டு, ஸ்பிளிட் பின்னை உருவி நட்டைக் கழற்றினால் புரொப்பெல்லர் கையோடு வரும். எங்களுக்கு வரவில்லை. தண்டில் கிறீஸ் பூசிப் பல காலம் ஆகியிருந்தது. மரச்சுத்தியலால் தட்டித் தட்டி இழுத்தெடுத்தபோது, பின்னாலிருந்த வளையத்துக்குள் கறுத்துப்போன தங்கூசி (தூண்டில் நைலோன்) நூல் விரல் தடிப்புக்குச் சுற்றி இறுகிக் கிடந்தது. கத்தி முனையால் அதைக் கீறி எடுத்து, கியர் ஒயிலைத் திறந்து பார்த்தால் பால் தேநீரின் நிறம். நூல் அந்த ஒயில் சீல் வளையத்தை அறுத்துக் கடல்நீரை உள்ளே விட்டிருக்கிறது. வளையத்தையும் ஒயிலையும் மாற்றிய பிறகே புதியதைப் பூட்டினோம். இந்தக் கரையில் தூண்டிலுக்குப் போகும் எந்தப் படகிலும் மாதம் ஒரு முறையாவது புரொப்பெல்லரைக் கழற்றி அந்த வளையத்தின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும் என்பேன்; புதிய புரொப்பெல்லர் வாங்காதவர்களும் இந்த ஒரு வேலையைச் செய்யலாம்.

இனி விளைவு. அதே கோட்டில், அதே சுமையில், முழுத் திருகலில் 4,850 சுற்று. மணிக்கு 17½ கடல் மைல். வழுக்கல் 35 வீதத்திலிருந்து 20 வீதத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டு அங்குலத்துக்கு 300 முதல் 400 சுற்றுதான் கூடும் என்று எதிர்பார்த்திருந்தேன், 550 கூடியது. படகு முன்பு ஏற முடியாமல் நின்ற நிலையைத் தாண்டி நீரின் மேல் எழுந்துவிட்டதால் கிடைத்த உபரி அது. நின்ற நிலையிலிருந்து அணியம் தாழ்ந்து படகு சமமாக ஓடத் தொடங்குவதற்கு முன்பு 20 வினாடிக்கு மேல் எடுத்தது, சில நாட்களில் அதுவும் நடக்கவில்லை. இப்போது 9 வினாடி. பயணிகளின் முகத்தில் தண்ணீர் தெறிப்பது குறைந்தது. திமிங்கிலம் தேடிப் போய்வரும் காலை ஓட்டத்துக்கு முன்பு 31 லீற்றர் அளவில் செலவாகிய பெற்றோல், மூன்று ஓட்டங்களின் சராசரியாக இப்போது 28 லீற்றர். ஓட்டத் தூரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் இந்தக் கடைசி எண்ணை நான் முன்னையவற்றைப்போல் உறுதியாக நம்புவதில்லை. மைத்துனர் நம்புகிறார், பணம் கட்டுபவர் அவர்.

எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. திமிங்கிலத்தைக் கண்டவுடன் வேகத்தைத் தணித்து, தள்ளி நின்று, மிக மெதுவாகவே நகர வேண்டும். 13 அங்குலத்தில் எஞ்சினின் மிகக் குறைந்த சுழற்சியிலேயே படகு தேவைக்கு மேல் முந்திச் செல்லும். அடிக்கடி கியரைக் கழற்றிக் கழற்றிப் போட வேண்டியிருந்தது. பிட்ச் குறைந்ததால் அந்த ஊர்ந்து செல்லும் வேகமும் குறைந்து, படகு சொன்னபடி கேட்கிறது. புறாத்தீவில் நீந்துபவர்களுக்கு இடையில் கரைசேரும்போதும் இது பெரிய ஆறுதல்.

குறைகளும் உண்டு, அவை இந்தப் புரொப்பெல்லரின் குறைகள் என்பதைவிட, குறைந்த பிட்சைத் தெரிவு செய்வதற்குக் கொடுக்கும் விலை. இரண்டு பேர் மட்டும் ஏறினால் முழுத் திருகலில் 5,500 சுற்று, அதாவது கைநூலின் மேல்வரம்பிலேயே நிற்கிறது. வேகம் 23½இலிருந்து 22க்குக் குறைந்துவிட்டது. வெறும் படகில் அலைமேட்டில் இறக்கை நீரை விட்டு மேலெழும் கணத்தில் எஞ்சின் வரம்பைத் தாண்டி வீரிடும். ஆகவே சுமை இல்லாத போது பிடியை ஓரளவு தளர்த்தி ஓட்ட வேண்டும் என்று படகோட்டும் தம்பிக்குச் சொல்லி, கைப்பிடியில் சிவப்பு நாடாவால் ஓர் அடையாளமும் ஒட்டியிருக்கிறோம். சத்தமும் முன்பைவிடக் கூடுதல். தனியாளாகத் தொலைதூரம் போய்வருபவருக்கு இந்த அளவை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவருக்கு 12 அல்லது 13 தான் சரி. நாளின் மிகப் பாரமான ஓட்டத்தில் சுழற்சி வரம்புக்குள் வருகிறதா, மிக இலேசான ஓட்டத்தில் வரம்பைத் தாண்டாமல் நிற்கிறதா என்ற இரண்டையும் பார்த்து, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் பாரமான ஓட்டத்துக்கே விட்டுக்கொடுக்க வேண்டும். வரம்புக்குக் கீழே திணறி ஓடும் எஞ்சினுக்கு நேரும் கேட்டைக் காதால் கேட்க முடியாது. வரம்புக்கு மேலே வீரிடும் எஞ்சின் தானாகவே கத்திச் சொல்லிவிடும்.

துருப்பிடிக்காத உருக்கில் செய்தது வாங்கியிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். அந்த உலோகம் உறுதியானது. அதனால் இறக்கையை மெல்லியதாக வார்க்கலாம், சுமையில் வளையாது, வேகமும் சிறிது கூடும். ஆனால் எங்கள் படகு நாள்தோறும் மணலில் ஏறி இறங்குவது, புறாத்தீவைச் சுற்றியோ பவளப் பாறைகள். அலுமினிய இறக்கை பாறையில் பட்டால் வளையும் அல்லது முனை ஒடியும். உருக்கு வளையாமல் நின்று அந்த அடியைத் தண்டுக்கும் பல்லுக்கும் அனுப்பிவைக்கும். மலிவான பகுதி முதலில் உடைய வேண்டும் என்பது பொறியியலில் நல்ல ஏற்பாடு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம் புறாத்தீவு, அங்கே பவளத்தில் மோதும் அளவுக்கு நெருங்குவதே பிழை.

புரொப்பெல்லரை மாற்றியபின் வேறொரு தொல்லை தலைகாட்டியது. இறுக்கமாகத் திரும்பும்போது எஞ்சின் திடீரென்று வீரிட்டு, படகு இழுவை இழந்து நின்றது. சிலர் இதைப் பிட்சின் தவறு என்றார்கள். மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்வதால் வரும் தொல்லை இது. இறக்கையின் முகத்தில் அழுத்தம் குறைந்து நீரே ஆவிக் குமிழாகி உலோகத்தை அரிக்கும் நோய் வேறு, இது வேறு. காரணத்தைத் தேடிப் பார்த்தால், யாரோ பழைய காலத்தில் பின்பலகையின் மேல் ஒரு மரத்துண்டை வைத்து எஞ்சினை உயர்த்தியிருக்கிறார்கள். இறக்கைக்கு மேலுள்ள தகடு படகின் அடிமட்டத்தோடு ஒரே உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். எங்களுடையது இரண்டு விரல் மேலே இருந்தது. மரத்துண்டை எடுத்ததும் தொல்லை பாதி தீர்ந்தது. எஞ்சினின் சாய்வைத் தீர்மானிக்கும் ஊசியை ஒரு துளை உள்ளே, பின்பலகைப் பக்கமாக மாற்றியதும் மீதியும் தீர்ந்தது. பெற்றோல் தாங்கியைக் கடையாரிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்ததும், பயணிகளில் இருவரை முன்பலகையில் இருத்தியதும் செலவில்லாத திருத்தங்கள். ஆனால் படகு எழும் நேரம் 9 வினாடியிலிருந்து 7க்கு வந்தது அவற்றால்தான். தளத்துக்குக் கீழே தேங்கியிருந்த நீரை இறைத்தபோது எத்தனை வாளி வந்தது என்பதைச் சொல்ல மைத்துனர் விரும்பமாட்டார்.

பருவ முடிவில் புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தேன். மணலில் உரசியதால் மூன்று இறக்கைகளின் நுனியிலும் கறுப்புப் பூச்சு போய் வெள்ளை உலோகம் தெரிகிறது. ஒன்றின் முன்விளிம்பில் அரிசி அளவில் ஒரு பள்ளம். நுண்ணரத்தால் ராவிச் சமப்படுத்திவிட்டேன். இறப்பரில் நழுவல் இல்லை, கியர் ஒயில் தெளிவாக இருக்கிறது. பழைய 13 அங்குலத்தை எறியவில்லை. ஒரு நட்டு, இரண்டு ஸ்பிளிட் பின், நட்டைக் கழற்றும் ஒரு சாவி, ஒரு சிறு கட்டை ஆகியவற்றோடு சாக்கில் கட்டி அணியத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம், நடுக்கடலில் ஒன்று போனால் மற்றொன்று கரைசேர்க்கும். மாரி முடிந்து மீன்பிடிக்கு மட்டும் ஓடும் நாட்களுக்கு 11 3/8 × 12 - ஜி ஒன்று வேண்டும் என்று மைத்துனர் இப்போது கேட்கிறார். வாங்கும் நாளில் கோணமானியையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.